கனவு சரி, கணக்கு எங்கே?

புத்தாண்டு, பதவியேற்பு, நிறுவனத்தின் ஆண்டுக் கூட்டம் என்று ஏதாவது ஒன்று வந்தால் போதும், ‘2030-க்குள்’, ‘2050-க்குள்’ என்று அறிவிப்புகள் வரிசைகட்டி வந்துவிடுகின்றன. பெரிதாக ஆசைப்படுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் என்ன செலவு, தவறினால் யார் பதில் சொல்வது என்ற பேச்சே இல்லாத அறிவிப்பை இப்போதெல்லாம் பாதிக்கு மேல் படிப்பதில்லை.

இந்த விஷயத்தில் எல்லோரும் கென்னடியைத்தான் இழுப்பார்கள். 1961 மே 25 அன்று, பத்தாண்டு முடிவதற்குள் மனிதனை நிலவில் இறக்கிப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசினார். அன்றைக்கு அமெரிக்கர்களின் மொத்த விண்வெளி அனுபவம் ஆலன் ஷெப்பர்டின் பதினைந்து நிமிடப் பயணம் ஒன்றுதான். அதுவும் பூமியைச் சுற்றவில்லை, மேலே போய்க் கடலில் வந்து விழுந்தது. மேற்கோள் காட்டுபவர்கள் விட்டுவிடும் பகுதி இதற்கு அப்புறம்தான் வருகிறது. விண்வெளித் திட்டங்களுக்கு அந்த நிதியாண்டில் மட்டும் கூடுதலாக 53.1 கோடி டாலர், அடுத்த ஐந்தாண்டுகளில் 700 முதல் 900 கோடி டாலர் வேண்டும் என்று அதே உரையில் தொகையையும் சொன்னார். பாதியில் விடுவதாக இருந்தால் போகாமலே இருப்பது மேல் என்றார். பணம் ஒதுக்க வேண்டிய சபையிடமே, நேருக்கு நேர். 1969 ஜூலையில் இறங்கியும் காட்டினார்கள். (சோவியத்தோடு போட்டி இல்லாவிட்டால் அவ்வளவு பணம் வந்திருக்குமா என்பது வேறு கதை.)

அதே 1961-இல் சோவியத் தலைவர் குருசேவும் ஓர் அறிவிப்பு வைத்திருந்தார். 1980-க்குள் கம்யூனிச சமுதாயம் பெருமளவு கட்டி முடிக்கப்படும் என்று கட்சி மாநாட்டில் திட்டமே நிறைவேறியது. 1964-இல் அவர் பதவியே போய்விட்டது. 1980-இல் மாஸ்கோவில் ஒலிம்பிக் நடந்தது. கம்யூனிசம் வரும் என்றார்கள், ஒலிம்பிக் வந்தது என்று அந்த ஊர்க்காரர்களே கிண்டலடித்துக்கொண்டார்கள்.

கெடுவைத் தன் பதவிக்காலம் தாண்டி வைப்பது பழைய வித்தை. 2050-இல் நிகர பூஜ்ஜிய உமிழ்வு (காற்றில் விடும் கரியமில வாயு போன்றவற்றையும் திரும்ப அகற்றுவதையும் சமமாக்குவது) என்று இன்று மேடையில் கைதட்டு வாங்கும் தலைமை அதிகாரிகளில் பெரும்பாலோர் அன்றைக்கு ஓய்வுபெற்றுப் பல வருஷம் ஆகியிருக்கும். அடுத்த வருஷம் எவ்வளவு குறைப்பீர்கள் என்று யாராவது கேட்டால்தான் பேச்சு தடுமாறும்.

கெடுவைப் பக்கத்திலேயே வைப்பவர்களும் உண்டு. அடுத்த ஆண்டே ஓட்டுநர் இல்லாத தங்கள் ரோபோ டாக்சிகள் பத்து லட்சத்துக்கு மேல் சாலையில் இருக்கும் என்று 2019 ஏப்ரலில் டெஸ்லா கார் நிறுவனத்தின் ஈலான் மஸ்க் சொன்னார். 2020 முடிந்தபோது டெஸ்லாவின் ரோபோ டாக்சி ஒன்றுகூட ஓடவில்லை. ஆனால் அடுத்த தேதி தயாராக இருந்தது. அறிவிப்பன்றே செய்தியும் பரபரப்பும் கிடைத்துவிடுகின்றன. தவறிய நாளுக்கு யாரும் பத்திரிகையாளர் சந்திப்பு வைப்பதில்லை.

ஒருவர் வைத்தார் என்றே சொல்லலாம். ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் 30 லட்சம் பேருக்கு 2005 முடிவதற்குள் எச்.ஐ.வி. மருந்து கிடைக்கச் செய்வோம் என்று 2003-இல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பும் அறிவித்தன. அப்போது மருந்து பெற்றுக்கொண்டிருந்தவர்கள் சுமார் 4 லட்சம். 2005 இறுதியில் 13 லட்சம் வரைதான் எட்ட முடிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் எச்.ஐ.வி. பிரிவுக்குத் தலைவராக இருந்த ஜிம் யோங் கிம் சாக்குச் சொல்லாமல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். இலக்கு இரண்டு வருஷம் தாமதமாக, 2007-இல் கைகூடியது. பல வெற்றிகளைவிட இந்தத் தோல்வியை நான் மதிக்கிறேன். எண்ணும் தேதியும் அவ்வளவு பச்சையாக இல்லாமல் ‘சிகிச்சையை விரிவுபடுத்துவோம்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் அந்த 13 லட்சத்தையே சாதனை என்று கொண்டாடி முடித்திருப்பார்கள்.

போலியோவும் இந்த ரகம்தான். 2000-க்குள் ஒழிப்போம் என்று 1988-இல் உலக நாடுகள் முடிவெடுத்தன, முடியவில்லை. ஆனால் அன்று ஆண்டுக்கு மூன்றரை லட்சமாக மதிப்பிடப்பட்ட பாதிப்பு, இன்று, இயற்கையான போலியோ வைரஸைப் பொறுத்தவரை, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் என்ற இரண்டு நாடுகளில்தான் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எந்த நாட்டில் எத்தனை பேர் என்ற கணக்கை இப்போதும் வாராவாரம் வெளியிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.