நாலு இறாலுக்காகவா என்று கேட்டவருக்கு

கடலடியில் கோபால்ட் வெட்டி எடுப்பதைப் பற்றிய ஞாயிற்றுக்கிழமை மேடைப் பேச்சு க்ளிப்பை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மூன்று நாளாக அதையே இன்பாக்ஸில் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள், போதும். "கடலுக்கு அடியில கிடக்குற மொட்டைப் பாறை. அங்க நாலு இறால் இருக்கும். அதுக்காக ஒரு நாடு காத்திருக்கணுமா?" அவர் கேட்டதைவிட அதற்கு விழுந்த கைதட்டல்தான் எனக்கு வலித்தது. பள்ளிக்கரணையில் மத்ஸ்யா 6000 ஆழ்கடல் நீர்மூழ்கி உருவாகிற ஊர் இது. சாந்தோமில் கடல் உயிரினங்களைப் பெயர் பிரித்து வைக்கிற அரசு மையம் இருக்கிற ஊர் இது. இங்கே அந்தக் கைதட்டல்.

நாலு இறால் இல்லை ஐயா. இந்தப் பதிவு முழுக்க அதையேதான் சொல்லப்போகிறேன்.

அவர் மொட்டைப் பாறை என்றது அஃபனாசி நிகிதின் கடல்மலையை. இலங்கைக்குத் தெற்கே, நிலநடுக்கோட்டையும் தாண்டி இருக்கிறது. அடிவாரம் சுமார் 4,800 மீட்டர் ஆழத்தில், உச்சி சுமார் 1,200 மீட்டர் ஆழத்தில். அதாவது மலையின் உயரம் மட்டும் 3,600 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். அந்த மலைப் பாறை மேல், பேட்டரிக்கு வேண்டிய கோபால்ட் படிந்த ஓடு இருக்கிறது. அதை ஆராய்கிற உரிமை கேட்டு 2024 ஜனவரியில் இந்தியா பன்னாட்டுக் கடலடி ஆணையத்திடம் விண்ணப்பித்தது. இது வரை அவர் சொன்னதெல்லாம் சரி. அடுத்து "நாலு இறால்" என்றதில்தான் தவறினார்.

ஆழ்கடல் தரை பெரும்பாலும் சேறு. அதன் நடுவில் கெட்டியான பாறை எழுந்து நிற்கும்போது நீரோட்டம் அதில் மோதி வேகம் பிடிக்கிறது. வேகமாக ஓடுகிற தண்ணீர் இரையைக் கொண்டுவந்து தள்ளும், சேறு படியவும் விடாது. பவளமும் கடற்பஞ்சும் ஒட்டி வளர இந்த இரண்டும் வேண்டும். அந்தப் பவளத்தின் கிளைகளில்தான் நான் சொல்ல வந்த கூட்டம் குடியிருக்கிறது.

காசிமேட்டில் எந்த அக்காவிடமாவது "நாலு இறால்" என்று சொல்லிப் பாருங்கள். வெள்ளையா, டைகரா, சிங்கியா என்று திருப்பிக் கேட்பார்கள். நண்டு என்றால் நீலக்காலா, சிலுவை நண்டா என்பார்கள். விலை வேறு, ருசி வேறு, வலை வேறு, பருவம் வேறு. அன்றாடம் கையில் எடுப்பவர்கள் யாரும் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு ஒரே பெயர் சொல்வதில்லை. மேடையில் இருப்பவருக்கு மட்டும் அது போதுமானதாக இருக்கிறது.

ஸ்க்வாட் லாப்ஸ்டர் என்ற ஒரு கூட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். உள்ளங்கையில் வைத்தால் நண்டா இறாலா என்று குழப்பும். வால் வயிற்றுக்கு அடியில் மடங்கியிருக்கும். கொடுக்கு பல இனங்களில் உடம்பைவிட நீளம். நடக்கிற கால் மூன்று ஜோடிதான் கண்ணில் படும். கடைசி ஜோடி நூல்போல மெலிந்து ஓட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும், செவுளைத் துடைப்பதற்காக. இதில் யூரோப்டிகஸ் என்ற பேரினத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள். பவளக் கிளையைக் கட்டிப்பிடித்தே வாழ்பவை அவை. முனிடாப்சிஸில் இருநூறுக்கும் மேல், கண்ணில் நிறமியே இல்லாதவை. இன்னொரு பக்கம் பாராபகூரஸ் துறவி நண்டு. ஆழத்தில் பெரிய சங்கு கிடைப்பது அரிது என்பதால் சின்னச் சங்கில் குடிபுகும். மேலே ஒட்டிய கடல்சாமந்தி வளர வளர வீடும் பெரிதாகும். ராட்சத நண்டுகள், சிவப்பு இறால்கள், இறாலுக்குத் தூரத்து உறவான ஆம்பிபாட், ஐசோபாட் எல்லாம் இன்னும் பாக்கி. உச்சியில் இருப்பது அடிவாரத்தில் இருக்காது. 1,200 மீட்டரில் ஒரு கூட்டம், 2,500-இல் வேறு, 4,800 மீட்டர் சேற்றில் முற்றிலும் வேறு.

"கூண்டு இறக்கிப் பார்த்தாங்க, ஒரே மாதிரி பூச்சிதான் வந்துச்சு" என்று ஒருவர் கமெண்டில் எழுதியிருக்கிறார். மீன் துண்டைக் கட்டிக் கூண்டு இறக்கினால் பிணம் தின்னும் ஆம்பிபாட்தான் வரும். பவளத்தில் உட்கார்ந்து, மிதந்து வருவதைப் பிடித்துத் தின்கிற உயிர் எதற்கு உங்கள் கூண்டுக்கு நடந்து வரப்போகிறது? இழுவலை போட்டால் பாறையில் கிழியும். சறுக்குவலை சேற்றில்தான் ஓடும். மலைச் சரிவுக்குத் தொலையியக்க வாகனம் வேண்டும். அதன் உறிஞ்சு குழாயில் இழுத்து, வெப்பம் புகாத பெட்டியில் வைத்து மேலே கொண்டுவர வேண்டும். மீனுக்குக் காற்றுப்பை வீங்கும், இவற்றுக்கு அது கிடையாது. இவற்றை முதலில் கெடுப்பது சூடு. அடியில் 3, 4 டிகிரியில் இருந்தது மேலே 28 டிகிரித் தண்ணீரில் நின்றால் திசு குழைந்துவிடும். டெக்கில் குளிர்ந்த கடல்நீர் தயாராக இருக்க வேண்டும்.

பிறகு உடனே போட்டோ. சாராயத்தில் போட்ட சில நாளில் சிவப்பு வெளுத்துவிடும். ஒரு புட்டிக்கு ஒரு உயிர்தான். பதற்றத்தில் இவை கொடுக்கையும் காலையும் கழற்றிப் போடும். பத்தை ஒன்றாகப் போட்டால் எந்தக் கால் யாருடையது என்று பிறகு சொல்ல முடியாது. யூரோப்டிகஸில் இனம் பிரிப்பதே கால் நுனி முள்ளின் எண்ணிக்கையையும் சாய்வையும் வைத்துத்தான். மரபணு பார்க்க வேண்டுமென்றால் ஃபார்மலின் கூடாது, 95 சதவீத எத்தனால். உடம்புத் தண்ணீர் அதை நீர்க்கவைக்கும், ஆகவே ஒரு நாள் கழித்துப் புது எத்தனால் மாற்ற வேண்டும். சேற்றை 1 மி.மீ. சல்லடையில் அலசினால் சின்ன ஐசோபாட்டுகளில் பெரும்பகுதி கடலுக்கே திரும்பிப் போகும். 0.3 மி.மீ. வேண்டும். சீட்டில் பென்சிலால் எழுதிப் புட்டிக்கு உள்ளே போட வேண்டும், மை கரைந்துவிடும். குடியிருந்த பவளத்தின் துண்டும் கூடவே வர வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகு "நாலுதான்" என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

"அந்த மலையில் மட்டுமே வாழும் இனம் என்று பூச்சாண்டி காட்டாதே" என்பார்கள். நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். 2000-இல் தென்மேற்குப் பசிபிக் கடல்மலைகளில் கிட்டத்தட்ட 850 இனங்களைப் பட்டியலிட்டபோது மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் புதியவை என்றார்கள், ஒவ்வொரு மலையும் தனித்தீவு என்ற பேச்சு கிளம்பியது. 2006-இல் அதே கடலின் நார்ஃபோக் முகட்டில் ஸ்க்வாட் லாப்ஸ்டர்களின் மரபணுவைப் பார்த்தபோது அவற்றின் குஞ்சுகள் மலைக்கு மலை மிதந்து போவது தெரிந்தது. எல்லாமே தனித்தீவு இல்லை. ஆனால் எது பரவும், எது பரவாது என்பதை ஒவ்வொரு இனமாகப் பார்த்துத்தானே சொல்ல முடியும்?

"தானா திரும்ப வந்துடும்." வராது. நியூசிலாந்தின் கிரேவ்யார்டு கடலடிக் குன்றுகளில் இழுவலை நிறுத்தி 15 ஆண்டு கழித்தும் பழைய கூட்டம் மீண்டதற்கான அடையாளம் பெரிதாக இல்லை. அங்கே வலைதான் உரசியது. இங்கே பாறைத்தோலையே உரிக்கப் போகிறோம். அந்தத் தோல் பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மி.மீ. வளர்வது.

"அப்போ பேட்டரி வேணாமா, நீ போன் வெச்சிருக்கேல்ல?" வைத்திருக்கிறேன். இறாலும் சாப்பிடுகிறேன். அதனால் எண்ணாமல் வெட்டலாம் என்று ஆகிவிடுமா?

எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். நீர்மூழ்கிக்கு மாலை போடுகிறோம். அது கொண்டுவரப் போகிற புட்டியை நுண்ணோக்கியில் வைத்து, முள் எண்ணி, படம் வரைந்து, பெயர் வைக்கிறவரை யாரும் மேடை ஏற்றுவதில்லை. 1888-இல் இன்வெஸ்டிகேட்டர் என்ற கடலாய்வுக் கப்பலில் மருத்துவராக ஏறிய ஆல்காக் அந்த வேலையைத்தான் செய்தார். 1901-இல் அவர் ஓர் ஆழ்கடல் இறாலுக்குத் தன் முன்னோடி உட்-மேசனின் பெயரை வைத்தார். ஹெட்டிரோகார்பஸ் உட்மேசோனி. விற்காத பொருள், யாருக்கும் வேண்டாதது. நூறு வருஷம் கழித்துக் கொல்லம் பக்கத்து ஆழ்கடல் இழுவலையில் அது கூடை கூடையாக வந்தபோது அது என்னவென்று சொல்ல ஒரு பெயர் இருந்தது. 2018-இல் ஜாவாவுக்குத் தெற்கே, இதே இந்தியப் பெருங்கடலில், ஓரடி நீளத்துக்கு ஓர் ஐசோபாட் கிடைத்தது. 2020-இல்தான் அதற்குப் பெயர் வைத்தார்கள். ஓரடி நீளம் உள்ளதே இவ்வளவு நாள் யார் கண்ணிலும் படவில்லை என்றால் அரிசி அளவில் இருப்பவற்றின் கதி என்ன?

அந்தப் பேச்சாளரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த மலையில் எத்தனை இடத்தில், எந்த எந்த ஆழத்தில், எந்தச் சல்லடையில் எண்ணி நாலு என்றீர்கள்? கமெண்டில் போடுங்கள். இனத்தின் பெயரோடு.