எடை குறைக்கும் ஊசி: பாதியை மட்டும் சொல்லாதீங்க டாக்டர்

எடை குறைய ஊசி போட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்து "வாயைக் கட்ட முடியாதவங்க" என்று நக்கல் அடிக்கிற கூட்டம் சேலத்தில் நிறையவே இருக்கிறது, டீக்கடையிலிருந்து கல்யாணப் பந்தி வரைக்கும். பிரஷருக்கு மாத்திரை போடுகிறவரை யாராவது இப்படிக் கேட்கிறோமா? எனக்கு ஊசி மேல் கோபமே இல்லை. பாதி விஷயத்தை மட்டும் சொல்லி எழுதிக் கொடுக்கிற டாக்டர்கள் மேல்தான்.

இந்த ஊசியில் இருக்கிற செமாகுளூடைடு என்கிற மருந்து, சாப்பிட்டதும் நம் குடல் சுரக்கிற ஜிஎல்பி-1 ஹார்மோனைப் போலவே வேலை செய்கிறது, பசியை அடக்குகிறது, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. எங்கள் அண்ணியிடம் கண்ணால் பார்த்தேன். தட்டுவடை செட் ஒரு பிளேட் முடித்த கையோடு அடுத்ததைக் கேட்கிறவர், ரெண்டே ரெண்டு சாப்பிட்டுவிட்டு, பீட்ரூட் துருவலும் சட்னியுமாக மீதித் தட்டை என் பக்கம் தள்ளி "போதும் தம்பி, நீங்களே சாப்பிடுங்க" என்றார். பிளேட்டை மிச்சம் வைத்து அவரை நான் பார்த்ததே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அண்ணிக்கு எழுதிக் கொடுத்த டாக்டர் "மூணு மாசம் போடுங்க, அப்புறம் விட்டுடலாம்" என்று அனுப்பிவிட்டார். இந்த மருந்தை வாரம் 0.25 மில்லிகிராமில் ஆரம்பித்து, குமட்டல் வாந்தியைத் தாங்குகிற அளவுக்கு நாலு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றி 2.4க்குப் போகவே 16 வாரம் ஆகும். முழு அளவையே தொடாத மூணு மாசத்தில் என்ன விடுவது? 2021இல் வந்த பெரிய ஆய்வில் 68 வாரம் போட்டவர்களுக்குச் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது, மருந்தே இல்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம்தான். ஆனால் நிறுத்திய ஒரே வருஷத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறிவிட்டது. அண்ணிக்கும் ஏறியது, பழி மட்டும் அவர் வாய்மேல்.

குடும்பத்தில் மெடுல்லரி என்கிற வகை தைராய்டு புற்றுநோய் உண்டா, கணைய அழற்சி வந்திருக்கிறதா, கர்ப்பத்துக்குத் திட்டமா என்று, ஊசி எழுதுமுன் கேட்க வேண்டிய எதையும் அந்த டாக்டர் கேட்கவில்லையாம். செமாகுளூடைடு காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் வரைதான், விலை இறங்க இறங்க எழுதிக் கொடுப்பதும் கூடும், அதுதான் எனக்குப் பயம்.

இப்போது அண்ணி பார்க்கிற டாக்டர் முதல் நாளே பென்சிலால் கணக்குப் போட்டு, மாசம் எவ்வளவு ஆகும், வருஷக்கணக்கில் கட்டுப்படியாகுமா என்று அண்ணனை எதிரே உட்காரவைத்துக் கேட்டார். தசை கரையாமல் இருக்க முட்டை, பச்சைப்பயறு, கொஞ்சம் எடை தூக்குகிற உடற்பயிற்சி என்று எழுதினார். அண்ணன் ரெண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் சரி என்றார்.