மந்துக்குப் போகிற வேன்காரர்களுக்கு

மே மாதம் பிறந்தால் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் என்று நம்ம பக்கத்திலிருந்து ஊட்டிக்கு வேன் வேனாகக் கிளம்புகிறோம். பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா எல்லாம் முடிந்ததும் டிரைவர் கேட்பார்: "தோடர் கிராமம் பாக்குறீங்களா? பத்து நிமிஷந்தான்." நீலகிரி மலையில் தோடர்கள் குடியிருக்கும் சின்ன ஊரைத்தான் மந்து என்பார்கள். அந்தப் பத்து நிமிஷம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில் மனிதர்களையும் சேர்த்துவிட்டோம்.

போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று எத்தனை மக்கள் அந்த மலையில். தோடர்கள் மொத்தமே சுமார் 2,000 பேர்தான். நம்ம ஊர்ப் பெரிய கல்யாணத்தில் அதைவிட அதிகம் பேர் பந்தியில் உட்காருவார்கள். அவர்களைத் தெரிந்துகொள்ளாமல் நீலகிரியைப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது?

ஆனால் போகிற முறை என்று ஒன்று இருக்கிறது. அது நமக்குத் தெரியாததில்லை. நம்ம வீடுகளைப் பார்க்கவும்தான் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். கேட்காமல் முகப்பைத் தாண்டி வளவுக்குள் வந்து, "அந்தத் தேக்குத் தூண் பக்கம் நில்லுங்க ஆச்சி" என்று கேமராவைத் தூக்கினால் நமக்கு எப்படிக் கோபம் வருகிறது!

நான் போன மந்தில் வயதான அம்மா ஒருவர் வெயிலில் உட்கார்ந்து பூத்துக்குளி, அதாவது தோடர் சால்வை, தைத்துக்கொண்டிருந்தார். தடித்த வெள்ளைத் துணி, சிவப்பும் கறுப்புமாக நூல். துணியில் கோடு போட்டுக்கொள்வதில்லை. இழைகளை விரல் நுனியால் எண்ணி எண்ணித்தான் ஊசியை ஏற்றுகிறார். எங்களோடு வந்த ஒருவர் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் முகத்துக்கு நேரே போனை நீட்டினார். அந்த அம்மா சால்வையை இழுத்து மூடிக்கொண்டார். இன்னொருவர் கோயிலைச் சுற்றியுள்ள கல்சுவரைத் தாண்டப் போனார். தோடர்களிலேயே எல்லோரும் உள்ளே போகாத இடம் அது. "அது சாமி இடம், வராதீங்க" என்றார் அந்த அம்மா, குரலை உயர்த்தாமல்.

அப்புறம் அவரோடு உட்கார்ந்து பேசினேன். பேச்செல்லாம் எருமையைப் பற்றித்தான். தோடர்களுக்குப் பால்மனைதான் கோயில். எருமைப் பாலைக் கறந்து கடைவது பூசாரியின் வேலை. அந்த எருமைகள் மேய்ந்த புல்வெளிகளில்தான் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து சீகை (வாட்டில்) மரமும் யூகலிப்டஸும் நட்டார்கள், விறகுக்கும் தோல் பதனிடவும். சுதந்திரத்துக்குப் பிறகும் நட்டார்கள். "என்ன பச்சை!" என்று நாம் படம் எடுக்கிறோமே, அதில் நிறைய அந்த மலைக்குச் சொந்தமில்லாத மரம். புல் போனால் எருமை போகும், எருமை போனால் அந்தக் கோயிலில் என்ன நடக்கும்? கூரை வேயும் சதுப்புப் புல்லும் அருகிக்கொண்டே வருகிறது. 2006 வன உரிமைச் சட்டத்தில் மேய்ச்சல் உரிமையும் இருக்கிறது. மலைக்குப் போய்வரும் நம்மில் எத்தனை பேர் அதைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்திருப்போம்?

விலை பற்றியும் சொல்ல வேண்டும். தோடர் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம்ம கண்டாங்கிக்கு 2019-ல். விசைத்தறிச் சேலையைக் கண்டாங்கி என்று விற்றால் நம்ம நெசவாளர் வயிறு எப்படி எரியும்! கடைத்தெருவில் மிஷின் தையலைத் தோடர் சால்வை என்று நம்பி வாங்காதீர்கள். மந்தில் தைக்கிறவரிடமே கேளுங்கள், சொன்ன விலையைக் கொடுங்கள். பேரம் பேசவே பேசாதீர்கள்.

இந்த மே மாதம் போகிறவர்கள் முதலில் எம். பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். பிறகு மந்துக்குப் போய், வெளியே நின்று குரல் கொடுங்கள். வாங்க என்றால் உள்ளே போங்கள், ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து பேசுங்கள். அதற்கு நேரமில்லாத பயணத்தில் மந்துக்குப் போகவே வேண்டாம், டிரைவரிடம் சொல்லிவிடுங்கள்.