ஜிம்மியின் தட்டில் தயிர்ப் பச்சடி

எங்கள் ஜிம்மிக்கு எட்டு வயது. பழுப்பு நிற நாட்டு நாய், எடை 12 கிலோ. சென்னை வியாசர்பாடியில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு மழை நாளில் குட்டியாக வந்து ஒண்டியவள், அப்படியே தங்கிவிட்டாள். போன மாதம் அவளைப் பறிகொடுக்கப் பார்த்தோம். யாரும் விஷம் வைக்கவில்லை, வண்டியில் அடிபடவும் இல்லை. ஒரு குண்டான் தயிர்ப் பச்சடிதான் காரணம்.

பக்கத்துத் தெருவில் காதுகுத்து. மிச்சமான பிரியாணியையும் பச்சடியையும் வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். பிரியாணியை நாங்கள் சாப்பிட்டோம். பச்சடி மறுநாள் காலையில் புளித்துவிட்டது. கொட்ட மனசு வராமல் அம்மா அதைச் சோற்றில் பிசைந்து ஜிம்மிக்கு வைத்தார். தட்டை நக்கித் துடைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் அவள் எழுந்திருக்கவே இல்லை. கேட் சத்தம் கேட்டால் தெருவையே எழுப்புகிறவள், தலையைக்கூடத் தூக்கவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்கவேண்டிய ஈறு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தது. தரையில் போயிருந்த மூத்திரம் காபி டிகாஷன் நிறத்தில் இருந்தது. உண்ணிக் காய்ச்சல் என்றுதான் நினைத்தேன். நாய் வளர்க்கிற யாருக்கும் முதலில் வரும் சந்தேகம் அதுதான். ஆட்டோ பிடித்து வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், உண்ணிக் காய்ச்சல் இல்லை என்றார். அப்புறம் கேட்டார்: "மூணு நாலு நாளுக்குள்ள என்ன சாப்பிட்டுச்சு? வெங்காயம் இருந்துச்சா?"

அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

வெங்காயத்தில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. நமக்கு ஒன்றும் செய்யாத பொருள், அதன் ரத்தத்தை உள்ளுக்குள்ளேயே உடைக்கிறது. உடைந்த சிவப்பணுக்களின் நிறம்தான் மூத்திரத்தில் வருகிறது. ஒரு கிலோ எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் உள்ளே போனாலே நாயின் ரத்தத்தில் பாதிப்பு தெரியும் என்கிறார்கள். ஜிம்மிக்குக் கணக்குப் போட்டால் 180 கிராம். அதாவது நடுத்தர வெங்காயம் இரண்டு. ஒரு குண்டான் பச்சடியில் அதற்கு மேலேயே இருந்திருக்கும். இதில் கொடுமை என்னவென்றால் அன்றைக்கே ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்துத்தான் நாய் சுருண்டு படுக்கும். அதற்குள் என்ன வைத்தோம் என்பதே நமக்கு மறந்திருக்கும்.

வேகவைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். வதக்கினாலும் பொரித்தாலும் காயவைத்துப் பொடி செய்தாலும் அந்த நச்சு போகாது. பூண்டும் இதே ஜாதிதான். அதற்கு இன்னும் வீரியம் அதிகம். எங்கள் ஏரியாவில் சாயங்காலம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கும் வண்டிகளைச் சுற்றி எப்போதும் நான்கைந்து நாய்கள் நிற்கும். பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர் எல்லாம் கலந்த அந்த நூடுல்ஸில் ஒரு கை அள்ளிப் போடுவது இங்கே எல்லோருக்கும் பழக்கம். நானும் போட்டிருக்கிறேன். இப்போது அந்த வண்டியைத் தாண்டும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது.

புளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும் என்பது முன்பே தெரியும், ஏன் என்பதுதான் பிடிபடாமல் இருந்தது. 2021இல் அமெரிக்காவில் விலங்கு நச்சியல் மருத்துவர்கள், திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டே, புளி தின்று சிறுநீரகம் பழுதான நாய்களைப் பற்றியும் எழுதினார்கள். புளியில் அந்த அமிலம் நிறைய இருக்கிறது. புளியோதரை, காரக்குழம்பு, மீன் குழம்பு இதெல்லாம் நாம் தினமும் வழித்துப் போடுவதுதானே.

"எங்க நாய் பத்து வருஷமா குழம்புச் சோறுதான் தின்னுது, நல்லாத்தானே இருக்கு" என்று கேட்பீர்கள். அம்மாவும் அதைத்தான் கேட்டார். கரைத்து ஊற்றிய குழம்பில் அளவு குறைவு, நாயும் பெரிது என்றால் வெளியே ஒன்றும் தெரியாமல் போகலாம். ஆனால் வெங்காயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் கொடுத்தாலும் ரத்தம் குறையும். திராட்சையோ எந்தக் கணக்குக்கும் அடங்காது. ஒரு நாய் கைப்பிடி தின்றுவிட்டுச் சும்மா இருக்கும், இன்னொன்று கொஞ்சம் தின்றாலே சிறுநீர் நின்றுபோகும். கேசரி, பாயசம், கிறிஸ்துமஸ் கேக் எதையும் வைக்காதீர்கள்.

சாக்லேட் ஆகாது என்பது பலருக்குத் தெரியும். கருப்பு சாக்லேட்டும் கோகோ பவுடரும் அதிலும் மோசம். சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டால் பலருக்குத் தெரியாது. அது உள்ளே போன அரை மணி நேரத்திலேயே நாயின் ரத்தச் சர்க்கரை மளமளவென்று இறங்கி, வலிப்பு வரும். சுகர் இருக்கிறவர்கள் உள்ள வீட்டில் இனிப்புக்கு என்ன கலந்திருக்கிறது என்று டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்.

எலும்பு விஷயத்தில்தான் என்னிடம் நிறைய பேர் சண்டைக்கு வருகிறார்கள். நாய்க்கு எலும்பு போடாமல் என்ன போடுவது என்கிறார்கள். வெந்த கோழி எலும்பு கடித்தால் ஊசி ஊசியாக உடையும், தொண்டையிலும் குடலிலும் குத்தும். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் பிரியாணி எலும்புகள் பையோடு கிடக்கும். முடிச்சை இறுக்கிப் போட்டு, தொட்டியின் மூடியையும் மூடினால் போதும். அதைக்கூட நாம் செய்வதில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

மேலே சொன்ன நச்சுப் பொருள் எதையாவது நாய் தப்பித்தவறி தின்றுவிட்டால், உப்புத்தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்த உப்பே நாயைக் கொல்லும். உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் போனால் அவர்களே பாதுகாப்பாக வாந்தி எடுக்க வைப்பார்கள். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதைச் சொல்லுங்கள். கவர் இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள்.

ஜிம்மிக்கு ஆறு நாள் டிரிப்ஸ் ஏறியது. ஈறில் நிறம் திரும்ப மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரமும் அம்மா அவள் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தார். தெருநாய்களுக்குச் சோறு வைப்பதையும் அவர் விடவில்லை. விடவும் கூடாது. இப்போதெல்லாம் அடுப்பில் முதலில் ஏறுவது அவர்களுடைய பாத்திரம். அரிசியோடு கோழிக் கறி, எலும்பு எடுத்து, மஞ்சள் மட்டும் போட்டு வேகவைத்து இறக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் எங்கள் குழம்புக்கு வெங்காயம் நறுக்குகிறார்.