அந்தக் குப்பியில் எழுதியிருப்பதை அப்படியே நம்புங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காரைக்குடியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மோர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தால், கதவுத் தட்டில் இஞ்சிப் பூண்டு விழுது டப்பாவுக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி. ரப்பர் மூடி, அலுமினிய வளையம், உள்ளே பாதி அளவு தெளிந்த நீர். லேபிளில் 'சிஜேசி-1295, 2 மி.கி.' என்று இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில், ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று.

அக்கா மகன் கல்லூரியில் கபடி ஆடுகிறவன். கூப்பிட்டுக் கேட்டேன். "ஜிம் மாஸ்டர் வாங்கிக் குடுத்தது மாமா. அந்த ஆராய்ச்சிங்கிறதெல்லாம் சும்மா சட்டத்துக்காகப் போடுறதாம்" என்றான்.

நான் பதினெட்டு வருஷமாக ஆய்வுக்கூடத்தில் பெப்டைடுகளோடு, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலிகளோடு, வேலை பார்க்கிறவன். அவன் சொன்ன அந்த ஒரு வரி என்னை ஒரு வாரமாகத் தூங்கவிடவில்லை. அந்தக் குப்பியைப் பற்றி மாஸ்டர் சொன்னது, கூரியரில் அனுப்பியவன் சொன்னது எல்லாவற்றையும்விட அதன் மேல் எழுதியிருப்பதுதான் உண்மை.

முதலில் அது என்ன பொருள் என்று சொல்லிவிடுகிறேன். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பிக்கு 'வளர்ச்சி ஹார்மோனை விடு' என்று ஒரு செய்தி போகிறது. அந்தச் செய்தியே 44 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலி. 1982-ல் கணையக் கட்டிகளிலிருந்துதான் அதை முதலில் பிரித்தெடுத்தார்கள். ரத்தத்தில் சில நிமிடங்கள்தான் தாங்கும், ஒரு நொதி அதன் தலைப்பகுதியை வெட்டிவிடும். சங்கிலியின் முதல் 29 அமிலங்களே வேலைக்குப் போதும் என்று தெரிந்ததும், அதில் நான்கு இடங்களை மாற்றினார்கள். 2-வது இடத்து மாற்றம் அந்த நொதியிடமிருந்து தப்ப. 27-வது இடத்தில் மெத்தியோனினை எடுத்துவிட்டு லூசினை வைத்தது, காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடையாமல் இருக்க. கடைசியில் ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ள ஒரு கொக்கியும் சேர்த்தார்கள். அதுதான் சிஜேசி-1295. 2006-ல் வெளிவந்த ஆய்வில், ஒரே ஊசிக்குப் பிறகு ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணி 9 முதல் 11 நாள் வரை உயர்ந்தே இருந்தது. நிமிடங்களில் முடிய வேண்டிய செய்தி, நாள்கணக்கில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. ஊசி போட்ட பிறகு வேண்டாம் என்று நினைத்தாலும் திரும்ப எடுக்க முடியாது.

இப்போது ஆய்வுக்கூடத்தில் இதை எப்படிக் கையாளுகிறோம் என்று பாருங்கள். பொடியாக இருக்கும்போது மைனஸ் 20 டிகிரியில், வெளிச்சம் படாமல், ஈரம் உறிஞ்சும் பொருளோடு வைப்போம். வெளியே எடுத்ததும் திறக்க மாட்டோம். குப்பி அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருப்போம். அவசரப்பட்டால் குளிர்ந்த பொடிமேல் காற்றின் ஈரம் படிந்துவிடும். கரைக்கும்போது குலுக்க மாட்டோம், மெல்லச் சுழற்றுவோம். கரைத்ததைச் சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து உறைய வைப்போம், ஒரு முறை உருகியதை மறுபடி உறைய விடுவதில்லை. இவ்வளவும் செய்வது எலியின் செல்களில் ஒரு சோதனைக்காக.

அதற்கும் முன்னால், வந்த பொருள் சொன்ன பொருள்தானா என்று பார்ப்போம். கலந்திருப்பதைப் பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சி, மூலக்கூறின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்ற இரண்டு சோதனைகளையும் ஓட்டுவோம். தூய்மை 98 சதவீதம் என்று சான்றிதழில் இருந்தாலும், பொடியின் எடை முழுக்கப் பெப்டைடு என்று அர்த்தமில்லை. தயாரிப்பில் ஒட்டிக்கொண்ட உப்பும் ஈரமும் அந்த எடையில் இருக்கும். இன்னொன்று, பாக்டீரியாவின் செல்சுவரிலிருந்து வரும் எண்டோடாக்சின். கண்ணுக்குத் தெரியாது, கொதிக்க வைத்தாலும் போகாது, ரத்தத்தில் கலந்தால் காய்ச்சலில் தொடங்கி உயிர் ஆபத்து வரை போகும். ஊசி மருந்து தயாரிக்கிறவன் இதைக் கட்டாயம் சோதித்தாக வேண்டும். ஆராய்ச்சிக்கு என்று விற்கிறவனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. லேபிளில் உள்ள அந்த வரி அதைத்தான் சொல்கிறது: இது உடம்புக்குள் போகும் என்று நினைத்து நாங்கள் இதைச் செய்யவில்லை, சோதிக்கவில்லை, பொறுப்பேற்கவில்லை.

மருமகனின் குப்பி எப்படி வந்தது தெரியுமா? சித்திரை வெயிலில், மூன்று நாள் கூரியரில், தெர்மோகோல் பெட்டிகூட இல்லாமல். குழாய்த் தண்ணீரில் கரைக்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். தினமும் கரண்ட் போய் வரும் ஃப்ரிட்ஜில், அதுவும் கதவில்.

சட்டம் என்ன சொல்கிறது? சிஜேசி-1295 உலகத்தில் எங்குமே மருந்தாக அனுமதி பெறவில்லை. 2006-ல் எச்ஐவி உள்ளவர்களிடம் நடந்த சோதனையில் ஒருவர் இறந்ததும் ஆய்வை நிறுத்தினார்கள். மருந்துதான் காரணம் என்று அங்கிருந்த மருத்துவர் கருதவில்லை. ஆனாலும் நிறுத்தினார்கள், அதுதான் சரி. நம் நாட்டில் 2019-ன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, அனுமதி பெறாத மருந்தைச் சோதனைக்காக இறக்குமதி செய்யவே உரிமம் வேண்டும். விற்பதற்கு வழியே இல்லை. விளையாட்டில் இன்னும் கடுமை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடாவின் பட்டியலில் இது போட்டி நாள் மட்டுமல்ல, எல்லா நாளும் தடை. மாட்டினால் 4 வருஷம் வரை ஆட முடியாது. இருபது வயது கபடி வீரனுக்கு 4 வருஷம் போனால் என்ன மிச்சம்?

வெளிநாட்டில் டாக்டர்களே எழுதித் தருகிறார்களே என்று சிலர் கேட்கிறார்கள். இதே குடும்பத்தில் அனுமதி பெற்ற மருந்துகள் உண்டு, மறுக்கவில்லை. செர்மோரெலின் வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு 1997-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, பிறகு தயாரித்தவர்களே நிறுத்திவிட்டார்கள். டெசாமோரெலின் 2010-ல், எச்ஐவி உள்ளவர்களின் வயிற்றுக் கொழுப்புக்கு. இன்ன நோய்க்கு, இன்ன அளவு, இன்ன பரிசோதனையோடு என்று வரையறுத்துத்தான் அனுமதித்தார்கள். அண்ணன் மருந்துக்கு அனுமதி இருக்கிறது என்று தம்பியை ஊசியில் ஏற்ற முடியாது. அதே அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2023-ல் சிஜேசி-1295-ஐப் பாதுகாப்புக் கவலை உள்ள பொருள்களின் பட்டியலில் வைத்தது. வளர்ச்சி ஹார்மோன் கூடினால் இன்சுலின் வேலை செய்வது குறையும், சர்க்கரை ஏறும். அக்காவுக்கும் அத்தானுக்கும் சர்க்கரை இருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளைக்கு இதைக் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியைக் கொண்டுவந்த ஊர் இந்தக் காரைக்குடி. சிக்ரி வாசலைக் கடந்துதான் நான் பள்ளிக்கூடம் போனேன். ஆராய்ச்சி என்ற சொல்லுக்கு இங்கே ஒரு மரியாதை இருந்தது. அதை ஒளிந்துகொள்ளும் மறைப்பாக்கி வியாபாரம் செய்கிறார்கள்.

அந்த ஜிம் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு லேபிளின் படத்தோடு எழுதியிருக்கிறேன். மாஸ்டரையும் நேரில் பார்த்தேன். அவருக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை, விற்றவன் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னார். தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர்ப் பக்கம் பிள்ளைகளை ஜிம்முக்கு அனுப்புகிறவர்கள் ஃப்ரிட்ஜ் கதவை ஒரு தடவை பாருங்கள். குப்பி இருந்தால் திட்டாதீர்கள். எத்தனை ஊசி போட்டான், எப்போது போட்டான் என்று கேட்டு, அந்தக் குப்பியோடு டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

மருமகனுக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தாகிவிட்டது, முடிவுக்குக் காத்திருக்கிறோம். நேற்று ராத்திரி போன் பண்ணினான். "மாமா, டீம்ல இன்னும் ரெண்டு பேர் வச்சிருக்காங்க. கூட்டிட்டு வரட்டுமா?" என்றான். நாளைக்குச் சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறேன்.