எடுத்தாண்ட வரி புதிய இடத்தில் என்ன செய்கிறது?

ஒரு திரைப்படத்திலோ நாடகத்திலோ பழைய படைப்பொன்றின் வரி வந்துபோனால், அடுத்த சில மணி நேரத்திற்குள் யாராவது அதைக் கண்டுபிடித்து எழுதிவிடுகிறார்கள். அப்படி அடையாளம் காண்பதில் உள்ள மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. எனக்கும் அது உண்டு. ஆனால் 'இது அங்கிருந்து எடுத்தது' என்றவுடன் பேச்சு முடிந்துவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. வரி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தெரிந்தபின், புகுந்த வீட்டில் அது என்ன செய்கிறது என்று கேட்க வேண்டாமா?

'பாத காணிக்கை' (1962) படத்திற்குக் கண்ணதாசன் எழுதிய 'வீடு வரை உறவு' பாடலுக்குப் பின்னால் பட்டினத்தார் இருக்கிறார் என்பது பலரும் அறிந்ததுதான். செல்வமும் வாழ்வும் வீட்டோடு, மனைவி வீதியோடு, பிள்ளைகள் சுடுகாட்டோடு என்று அடுக்கிக்கொண்டே போகும் பட்டினத்தார், இறுதியில் நம்மைப் பற்றித் தொடர்வது 'இருவினைப் புண்ணிய பாவமுமே' என்று ஐயமின்றி முடிக்கிறார். கண்ணதாசன் அதே படிகளில் நடந்து வந்து, கடைசிப் படியில் மட்டும் விடையை எடுத்துவிட்டு 'யாரோ' என்று நிறுத்துகிறார். பழைய பாடலில் வினைக்கொள்கை உறுதியாக நின்ற இடத்தில் புதிய பாடலில் ஒரு வெறுமை நிற்கிறது. மூலம் தெரியாதவருக்கும் பாடல் முழுமையாகவே கேட்கிறது. தெரிந்தவருக்கோ அந்த ஒற்றைச் சொல்லில் பல நூற்றாண்டுகளின் இடைவெளியே கேட்கிறது. எடுத்தாளுதலின் உச்சமாக நான் கருதுவது இதைத்தான்.

'இருவர்' (1997) படத்தின் 'நறுமுகையே' பாடலைப் பற்றி எனக்கு இவ்வளவு நிறைவு இல்லை. அதிலுள்ள 'அற்றைத் திங்கள்' என்ற தொடக்கம் புறநானூற்றின் 112ஆம் பாடலுக்கு உரியது. அன்றைய நிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் எங்களுடையதாக இருந்தது; இன்றைய நிலவில் இரண்டும் இல்லை என்று பாரியின் மகளிர் அழுத பாடல் அது. திரைப்பாடலில் அது காதலர் சந்திப்பின் இனிய நினைவாகிறது. புறத்தை அகமாக மாற்றுவது கவிஞரின் உரிமை. ஆனால் இழப்பின் சுவடு எதையும் உடன் கொண்டுவராமல் ஓசையின் அழகை மட்டும் பெற்றுக்கொண்டதாகவே எனக்குப் படுகிறது. அதே பாடலில் வரும் 'யாயும் ஞாயும்' குறுந்தொகையிலும் காதல் மொழியே என்பதால் அங்கே இந்த உறுத்தல் இல்லை.

இந்தப் பழக்கம் நம் மொழியில் மிகப் பழையது. மணிமேகலையின் சிறைசெய் காதையில், நாற்சந்தியில் உறையும் காவல் தெய்வமான சதுக்கப்பூதம் மருதி என்னும் பெண்ணிடம் ஒரு குறளை அப்படியே சொல்கிறது: 'தெய்வம் தொழாஅள்' என்று தொடங்கும் குறள். பிற தெய்வத்தைத் தொழாமல் கணவனையே தொழுபவள் 'பெய்' என்றால் மழை பெய்யும் என்பது அதன் பொருள். சொன்னவரின் பெயரைக் கூறாமல் 'பொய்யில் புலவன்' என்கிறது. நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பது அந்தக் குறள் அங்கே ஆற்றும் வேலையை. இளவரசன் ஒருவன் தன்னை 'வா' என்று அழைத்ததால் நொந்துபோய் முறையிட வந்தவள் மருதி. அவளிடம், நீ கதைகளைக் கேட்டும் விழாக்களை விரும்பியும் பிற தெய்வங்களைப் பேணினாய், ஆகவே நீ ஏவினால் மழை பெய்யாது என்று குற்றம் காட்டவே அந்த மேற்கோள் பயன்படுகிறது. மேற்கோள் அங்கே ஓர் அணி என்ற நிலையைக் கடந்து தீர்ப்பாகவே ஆகிவிடுகிறது.

1943இல் புதுமைப்பித்தன் எழுதிய 'சாப விமோசனம்' இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. சாபம் நீங்கிய அகலிகை, சீதையைத் தீக்குளிக்கச் சொன்னது இராமன்தான் என்று சீதையின் வாயாலேயே கேட்டு, மீண்டும் கல்லாகிறாள். இராமாயணம் தெரியாதவருக்கு இக்கதையில் பாதிதான் கிடைக்கும். தெரிந்தவருக்கோ அவர் நெடுங்காலம் நம்பிவந்த ஒன்று இடிந்துவிழும். மூலத்தை அறிந்திருப்பது வாசகருக்கு ஆறுதலாக அமையாமல் அவரை நிலைகுலையச் செய்யும் இத்தகைய எடுத்தாளுதல் அரிது.

மேடைக் கலைகளில் இது இன்னும் நுட்பமாகிறது, ஏனெனில் அங்கே அடிக்குறிப்புக்கும் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதற்கும் இடமில்லை. 'ஹாம்லெட்' நாடகத்தில் ஓரமாக வந்துபோகும் இரு நண்பர்களை நாயகர்களாக்கி டாம் ஸ்டாப்பர்டு எழுதிய நாடகம் 1966இல் மேடையேறியபோது, பார்வையாளர் தம் நினைவில் இருந்த ஷேக்ஸ்பியரையும் உடன் கொண்டுதான் அரங்கிற்குள் வந்தார். கோபாலகிருஷ்ண பாரதியாரோ சேக்கிழார் பெரியபுராணத்தில் சுருக்கமாகச் சொன்ன திருநாளைப்போவார் என்ற நந்தனாரின் வரலாற்றை எடுத்து, அதில் இல்லாத ஒரு வேதியரை நந்தனாரின் ஆண்டையாகப் படைத்தார். அந்த ஒரு பாத்திரத்தால் பக்திக் கதைக்குள் அடிமை வாழ்வின் வலி நுழைந்தது. பின்வந்த தலைமுறைகளின் மனத்தில் பதிந்த நந்தனார் பெரும்பாலும் இவர் படைத்தவரே.

சந்நிதிக்கு அருகில் வரலாமா என்று நந்தனார் கேட்பதாகக் கோபாலகிருஷ்ண பாரதியார் எழுதிய 'வருகலாமோ' பாடலுக்கு அபிநயம் பிடிக்கப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். பாடகர் அதே சொல்லைத் திரும்பத் திரும்பப் பாட, ஆடுபவர் ஒரு முறை தயங்குகிறார், ஒரு முறை முன்வைத்த காலைப் பின்னிழுக்கிறார், ஒரு முறை தொலைவில் நின்றபடி கையை மட்டும் நீட்டுகிறார். சேக்கிழாரையோ பாரதியாரையோ ஒரு வரிகூடப் படித்திராத ஒருவர் அரங்கின் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தாலும், நீட்டிய கைக்கும் சந்நிதிக்கும் இடையே உள்ள தொலைவு அவருக்குத் தெரிகிறது.