எலும்பைப் பொருத்த ஊரைக் கூட்டுவார்களா?

ஞாயிற்றுக்கிழமை சபையில் ஒரு தம்பியை மைக் முன்னால் நிறுத்தியதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேர் போனில் அந்த வீடியோ இருக்கிறது. எனக்கே நான்கு பேர் அனுப்பினார்கள். அதில் இரண்டு பேர் 'பாரத்தோடு ஜெபிக்கவும்' என்று எழுதியிருந்தார்கள். பாரம் இருந்தால் முழங்காலில் நில்லுங்கள் ஐயா, ஃபார்வர்டு பட்டனை ஏன் அழுத்துகிறீர்கள்?

அந்தத் தம்பி பெயரை எழுத மாட்டேன். கமெண்டிலும் யாரும் எழுதாதீர்கள். கீபோர்டு வாசிக்கிற பிள்ளை. குடித்தான், ஒரு தடவை அல்ல, பல தடவை. அது பாவம்தான். ஆனால் ஆராதனை நடுவில் எழுப்பி நிறுத்தி, கையில் மைக்கைக் கொடுத்து, 'என்ன செய்தாய் என்று சபைக்கு உன் வாயாலேயே சொல்லு' என்றார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மூன்றாவது வரிசையில் அவன் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குனிகிறார். படம் எடுத்தவர் போனை அந்த அம்மா பக்கம் திருப்புகிறார். அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் பார்க்கவில்லை.

'சகோதரரே, ஒருவன் யாதொரு குற்றத்தில் அகப்பட்டால், ஆவிக்குரியவர்களாகிய நீங்கள் சாந்தமுள்ள ஆவியோடே அப்படிப்பட்டவனைச் சீர்பொருந்தப்பண்ணுங்கள்.' கலாத்தியர் 6:1. நம் சபைகளில் மனப்பாடமாகத் தெரிந்த வசனம். சீர்பொருந்தப்பண்ணுங்கள் என்ற இடத்தில் கிரேக்கத்தில் இருக்கிற வினைச்சொல்தான் மத்தேயு 4:21-லும் வருகிறது. யாக்கோபும் யோவானும் படகில் உட்கார்ந்து வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்களே, அங்கே. பழைய கிரேக்க மருத்துவ எழுத்துகளில் விலகின எலும்பைப் பொருத்துவதற்கும் இந்தச் சொல்லின் உறவுச் சொற்களே புழங்கின. கிழிந்த வலையைக் கோபத்தில் இழுத்தால் இன்னும் கிழியும். விலகின எலும்பை எப்படிப் பிடிப்பார்கள் என்பது எனக்குச் சொந்த அனுபவம்.

எட்டு வயதில் கொல்லாமரத்திலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு விலகிவிட்டது. அப்பா தோளில் தூக்கிப் போட்டு, எலும்பு வைத்தியம் பார்க்கிற ஆசான் வீட்டுக்கு ஓடினார். பின்னாலேயே தெருவில் பாதி வந்துவிட்டது. ஆசான் முதலில் என் கையைத் தொடவில்லை. வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, 'எல்லாரும் வெளியே போங்க, பிள்ளை பயப்படுவான்' என்றார். கதவைச் சாத்தினார். தைலத்தை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டே, எந்த வகுப்பு, வாத்தியார் அடிப்பாரா என்று கேட்டார். நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு இழுப்பு. உயிர் போகிற வலி. ஆனால் எலும்பு உட்கார்ந்துவிட்டது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, 21 நாள் இந்தக் கையால் ஒன்றும் தூக்காதே என்றார்.

வலித்தது, இல்லை என்று சொல்லவில்லை. கட்டும் போட்டார், தூக்காதே என்றும் சொன்னார். அதனால் 'இவர் பாவத்தைப் பூசி மெழுகுகிறார், கிருபை கிருபை என்று சொல்லி சபையைக் கெடுக்கிறார்' என்று எழுத ஆரம்பித்திருக்கிறவர்கள் தயவுசெய்து கொஞ்சம் நிறுத்துங்கள். அவனைக் கீபோர்டிலிருந்து ஆறு மாதம் இறக்கி வைத்தால் நான் எதிர்க்க மாட்டேன். திருவிருந்திலிருந்து கொஞ்ச நாள் நிறுத்தினாலும் சரி என்பேன். நான் கேட்பது ஒன்றுதான். அதற்கு முன்னால் உங்களில் யார் அவன் வீட்டுக்குப் போனீர்கள்? மத்தேயு 18:15-ல் முதல் படி என்ன? 'நீயும் அவனும் தனித்திருக்கையில்.' அடுத்தது இரண்டொருவர். சபைக்கு வருவது கடைசியில். நீங்கள் கடைசிப் படியில் தொடங்கியிருக்கிறீர்கள். நான் விசாரித்துவிட்டேன். ஒருவரும் போகவில்லை.

உடனே 1 தீமோத்தேயு 5:20 வரும் என்று தெரியும். 'பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்.' நல்லது. அதற்கு முந்தின வசனத்தையும் வாசியுங்கள். 'மூப்பனானவனுக்கு விரோதமாக', அதாவது சபையை நடத்துகிறவருக்கு எதிராக, வருகிற பிராதைப் பற்றித்தான் அங்கே பேச்சு. எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளச் சொன்னது மேடையில் உட்கார்ந்திருக்கிறவர்களை. 24 வயதுப் பிள்ளையின் மேல் அதைப் பிரயோகித்துவிட்டு, மேடையில் இருக்கிறவர்கள் கணக்கு வரும்போது மட்டும் 'அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே' என்கிறீர்களே, அது எந்த நியாயம்?

சரி, என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எத்தனையோ வருடம் சொல்லாமல் வைத்திருந்தது. 1998-ல் வாலிபர் சங்கத்துக்கு நான் பொருளாளர். கன்வென்ஷன் பந்தல் கணக்கில் 4,000 ரூபாயை எடுத்துச் செலவழித்துவிட்டேன். வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன், வைக்க முடியவில்லை. எப்படியோ மூப்பர் ஐயா ஒருவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு சாயங்காலம் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். 'மக்கா, அம்மாட்ட ஒரு கட்டன் போடச் சொல்லு' என்றார். குடித்து முடிக்கிற வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, 'எவ்வளவு?' என்றார். அவ்வளவுதான் கேட்டார். நான் அழுதுவிட்டேன்.

அவர் மூடி மறைக்கவில்லை. மறுநாளே என்னைப் போதகரிடம் கூட்டிப்போய் என் வாயாலேயே சொல்ல வைத்தார். பொறுப்பிலிருந்து விலகச் சொன்னார், விலகினேன். மாதம் 250 ரூபாய் கட்டச் சொன்னார். 16 மாதமும் வியாழக்கிழமைகளில் வந்தார், சிறு நோட்டில் எழுதிக்கொண்டார், ஜெபித்துவிட்டுப் போனார். சில வாரம் ஜெபம்கூட இல்லை, மழையைப் பற்றியும் ரப்பர் விலையைப் பற்றியும் பேசிவிட்டுப் போவார். கடைசி 250 கட்டின அன்று அந்த நோட்டை என் கையிலேயே கொடுத்துவிட்டார். இன்றைக்கு நான் வேதபாடம் நடத்துகிறேன் என்றால் அந்த நோட்டால்தான். அன்றைக்கு என்னை மைக் முன்னால் நிறுத்தியிருந்தால் அந்தச் சபை வாசலை அதற்கப்புறம் மிதித்திருக்கவே மாட்டேன். அம்மாவும் மிதித்திருக்க மாட்டாள்.

'எல்லாவற்றையும் தனியாகப் பேசித்தான் பெரிய பெரிய அக்கிரமங்களை அமுக்கினார்கள்' என்று ஒரு சகோதரி நேற்று இன்பாக்ஸில் கேட்டார். அவர் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம். பிள்ளைகளிடம் தப்பாக நடந்தவன், பெண்களைத் துன்புறுத்தினவன் விஷயம் திண்ணையில் பேசுகிற விஷயமே அல்ல. அது போலீஸுக்குப் போக வேண்டியது. பிள்ளைகள் விஷயத்தில் 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். ஆனால் நடப்பது தலைகீழாக இருக்கிறது, சகோதரி. அமுக்கக் கூடாததை அமுக்குகிறார்கள், தனியாகப் பேச வேண்டியதை மைக்கில் பேசுகிறார்கள். செல்வாக்கு உள்ளவனுக்கு மத்தேயு 18, கூலிக்காரன் மகனுக்கு ஒலிபெருக்கி. அவனுக்கு அப்பா இருந்திருந்தால், அந்த அப்பா காணிக்கைப் பையில் கனமாகப் போடுகிறவராக இருந்திருந்தால் மைக்கை நீட்டியிருப்பார்களா? எனக்குப் பதில் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

சபைக்கு இது புதுக் கேள்வியும் அல்ல. கி.பி. 250-ல் டேசியஸ் பேரரசன் எல்லோரும் ரோமத் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்று வாங்க வேண்டும் என்று உத்தரவிட்டபோது ஏராளமான விசுவாசிகள் பயந்து பலியிட்டார்கள். அப்புறம் அழுதுகொண்டு திரும்பி வந்தார்கள். இவர்களைச் சேர்க்கவே கூடாது என்றார் ரோமாபுரியில் நோவாத்தியன் என்ற குருவானவர். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் ஆயர் சிப்ரியானும் மற்ற ஆயர்களும் 251-ல் கூடி, ஒவ்வொருவர் நிலையையும் விசாரித்து, மனந்திரும்பக் காலம் கொடுத்துச் சேர்ப்பது என்று முடிவுசெய்தார்கள். கிறிஸ்துவையே மறுதலித்தவர்களுக்கு அந்த நிதானம் கிடைத்தது. நம் பிள்ளைக்கு ஒரு வாரம்கூடக் கிடைக்கவில்லை.

ஆண்டவரின் சீஷர் பேதுருவும் அவரைத் தெரியாது என்று மறுதலித்தவர்தானே. கரிநெருப்பு ஓரத்தில் குளிர் காய்ந்துகொண்டு மூன்று தரம் மறுதலித்தவருக்கு, கடற்கரையில் இன்னொரு கரிநெருப்பைப் போட்டு மீன் சுட்டு வைத்திருந்தார் ஆண்டவர். முதலில் 'வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்' என்றார். சாப்பிட்ட பிறகுதான் கேள்வி கேட்டார். இதைப் பிரசங்கம் பண்ணிப் பண்ணித் தொண்டை கட்டுகிறது நமக்கு.

ஞாயிறு மத்தியானத்திலிருந்து தம்பி போனை எடுக்கவில்லை. அம்மாதான் எடுத்தார்கள். 'சாப்பிட மாட்டேங்கறான், ரூம் கதவைத் திறக்க மாட்டேங்கறான்' என்றார்கள். இதைப் பதிவிட்டுவிட்டுக் கிளம்புகிறேன், மீன் வாங்கிக்கொண்டு போகப்போகிறேன். கதவைத் திறக்கவில்லை என்றால் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன், நாளைக்கும் போவேன். வீடியோ வைத்திருக்கிறவர்கள் இப்போதே அழித்துவிடுங்கள். யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்களிடமும் ஒவ்வொருவராகச் சொல்லி அழிக்க வையுங்கள்.